பையன் கேட்டது கஞ்சாவைப் பற்றி அல்ல

கேள்வி: இரவு வேலை முடிந்ததும் 'வீட்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர் பார்ப்பேன். கணவனை இழந்தவள் கஞ்சா விற்றுக் குடும்பத்தை ஓட்டுகிற கதை. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது, பிளஸ் டூ படிக்கும் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். "குடும்பத்துக்காகத்தானேம்மா பண்றாங்க, இதுல என்ன தப்பு?" என்றான். ஆறு மாதமாக இவர் கடையில் வியாபாரம் வேறு படுத்துவிட்டது. பயமாக இருக்கிறது. தொடரை நிறுத்திவிடவா?
- ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: நிறுத்த வேண்டாம் சகோதரி. நானும் அதைப் பார்த்துச் சிரித்த ஆள்தான். ஆனால் அது வயது வந்தோருக்கான தொடர். பையன் தூங்கிய பிறகு பாருங்கள்.

தொடரின் நாயகி நான்சி கஞ்சா விற்க இறங்கியது அடுப்பு எரியாததால் அல்ல. பெரிய வீடு, வேலைக்கு ஆள், தெருவில் இருக்கிற கெத்து, எதுவும் குறைந்துவிடக் கூடாது. அவ்வளவுதான். காரை விற்றால் எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று கடன் வாங்கிப் பெட்ரோல் போடுகிறவர்கள் நம் திருநகரிலும் உண்டே, அந்த நோய்தான். தொடர் நக்கலடிப்பது அதை.

2005 முதல் 2012 வரை எட்டு சீசன் ஓடிய கதை. (நீங்கள் இன்னும் பாதியில் இருந்தால் அடுத்த மூன்று வரியைத் தாண்டிவிடுங்கள்.) மூன்றாவது சீசன் முடிவில் தன் வீட்டுக்கு அவளே தீ வைக்கிறாள். ஐந்தாவதன் முடிவில், குடும்பத்தை மிரட்டியவளைச் சின்ன மகன் ஷேன் விளையாட்டு மட்டையால் அடித்தே கொல்கிறான். அந்தப் பழியைத் தான் ஏற்று அம்மா சிறைக்குப் போகிறாள். இதை மகனிடம் கதையாகவே சொல்லுங்கள். புத்திமதி மாதிரி ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கதை நடக்கிற கலிபோர்னியாவில் 1996லேயே மருத்துவத் தேவைக்குக் கஞ்சாவை அனுமதித்துவிட்டார்கள். இங்கே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி ஒரு கிலோவுக்குள் பிடிபட்டாலும் ஓராண்டு வரை சிறை உண்டு. 20 கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாது. இந்த வழக்குகளுக்காக மதுரையிலேயே சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது.

அப்புறம், கடை வியாபாரத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. நீங்களும் அவரும் ராத்திரி குசுகுசுவென்று பேசுவது அவன் காதில் விழாமலா இருக்கும்? வருகிற ஞாயிற்றுக்கிழமை வரவு செலவு நோட்டை அவன் முன்னால் விரித்து வையுங்கள். கடை வாடகை, டியூஷன் பீஸ், சீட்டுப் பணம், எல்லாவற்றையும் அவனே கூட்டட்டும். எதைக் குறைக்கலாம் என்று அவனிடமே கேளுங்கள்.