பச்சை விளக்கும் பிக்கப் கடனும்

கேள்வி: நியூயார்க் லாங் ஐலண்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் ஆறு வருடமாக ஊர் ஆம்புலன்ஸ் படையில் தன்னார்வலர். அதற்கான நம்பர் பிளேட்டில் தனக்குப் பிடித்த எழுத்துகளைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அதற்கு மட்டும் இரண்டு வருடத்துக்கு 62.50 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. கையைக் கடிக்கிறது, பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? பிக்கப் வண்டிக் கடன் வேறு ஓடுகிறது: 48,000 டாலர், 84 மாதம், 8 சதவீத வட்டி. முந்தைய காரின் பாக்கியும் அதில் அடக்கம். 36 தவணை முடிந்தது. டீலர் 24,000 டாலருக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றதும் புதுசு வாங்கத் துடிக்கிறார். சங்கத்து நண்பர் ஒருவரோ ஐ.யூ.எல். பாலிசி (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைத்த, சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) எடுங்கள், பிறகு அதிலிருந்தே கடன் வாங்கி வண்டிக்குக் கட்டலாம் என்கிறார்.

பதில்: பிளேட் இருக்கட்டும். வருடத்துக்கு 31.25 டாலரில் யாரும் முழுகிப் போனதில்லை. உங்கள் கணவரை முழுகடிப்பது பழைய வண்டியின் பாக்கியைப் புது வண்டியின் தலையில் ஏற்றும் பழக்கம். ஒருமுறை ஏற்றியாயிற்று, இப்போது இரண்டாவது முறைக்குத் தயாராகிறார்.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். இப்போதைய தவணை மாதம் 748 டாலர். இன்னும் 30,600 டாலர் பாக்கி. டீலர் தருவது 24,000. துண்டு விழும் 6,600 புதுக் கடனில் போய் ஒளிந்துகொள்ளும். அதே வட்டி, அதே ஏழு வருடம் என்றால், கையில் இல்லாத ஒரு வண்டிக்காக மட்டும் மாதம் 103 டாலர் கட்டுவீர்கள். இதைத் தாளில் எழுதி அவரிடமே காட்டுங்கள்.

அழைப்பு வந்தால் வேகமாகப் போக நல்ல வண்டி வேண்டும் என்பாராக்கும். நியூயார்க்கில் ஆம்புலன்ஸ் தன்னார்வலரின் சொந்த வண்டியில் எரியும் பச்சை விளக்கு வழிவிடச் சொல்லும் வேண்டுகோள்தான். சிவப்பு சிக்னலைத் தாண்டும் உரிமையை அது தராது. பத்து வருடப் பழைய கரோலாவிலும் அதே விளக்கு அப்படியேதான் எரியும். மீதி 48 மாதமும் இதே பிக்கப்பை ஓட்டட்டும்.

ஐ.யூ.எல்.? ஆரம்ப வருடங்களில் கட்டும் பணத்தில் பெரும்பகுதி கமிஷனுக்கும் செலவுக்கும் போய்விடும். தவணைக்கே திணறுகிறவர்களிடம் இதை விற்கிறவரை என்னவென்று சொல்வது! நண்பருக்குக் காபி கொடுத்து அனுப்புங்கள். ஆயுள் காப்பீடு வேண்டுமென்றால் குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் காப்பு தரும் சாதாரண டெர்ம் பாலிசி போதும்.

சொந்த வண்டியில் சேவைக்குப் போகும் மைலுக்கு வருமான வரிக் கணக்கில் 14 சென்ட் கழிக்கலாம் என்று யாராவது சொன்னால், அதைப் பெரிதாக நம்பியிருக்காதீர்கள். 2025 வரையிலான கணக்குகளில் வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பொதுவான நிலைக்கழிவே (செலவுகளைப் பட்டியலிடாமல் எல்லாருக்கும் கிடைக்கும் மொத்தக் கழிவு) பெரும்பாலும் அதைவிட லாபம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன்: மாநில வரியில் ஐ.டி-245 படிவம் போடுகிறீர்களா? வருடம் முழுக்கச் சேவையில் இருந்த தன்னார்வலருக்கு 200 டாலர் கிடைக்கும். விட்டிருந்தால், தாக்கல் செய்து மூன்று வருடம் தாண்டாத கணக்குகளைத் திருத்திப் போடலாம். மூன்று வருடத்துக்கு 600 டாலர் வந்தால், அந்த எழுத்துகளுக்குப் பத்தொன்பது வருடக் கட்டணம் தேறிவிடும்.