பைபிளின் பத்துக் கற்பனைகளை, அதாவது பத்துக் கட்டளைகளை, மீறாமல் இருந்தால் போதாதா? அவற்றின் ‘உள்ளான அர்த்தத்தின்படி’ வாழ்வது என்றால் என்ன?

போதாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

லுத்தரன் சபையில் வளர்ந்தவன் நான். சபையில் முழு உறுப்பினராவதற்கான திடப்படுத்தல் வகுப்பில், ‘சிறிய ஞானோபதேசம்’ என்ற கேள்வி-பதில் பாடநூலை வரி விடாமல் ஒப்பிக்க வேண்டும். எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1529-ல் எழுதியது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கற்பனைக்குக் கீழேயும் ஒரே கேள்வி வரும்: இதற்கு அர்த்தமென்ன?

ஏழாம் கற்பனை, “களவு செய்யாதிருப்பாயாக.” (தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சபையார் இதை எட்டாவதாக எண்ணுவார்கள். வரிசைதான் வேறு, கற்பனை ஒன்றுதான்.) பிறன் பணத்தை எடுக்காதே, கள்ளச் சரக்கு விற்று ஏமாற்றாதே என்பதோடு லுத்தரின் விளக்கம் நிற்பதில்லை. அவனுடைய பொருளும் பிழைப்பும் பெருக உதவி செய் என்றும் சொல்கிறது. சபைப் போதகரான ஐயர் முன்னால் தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். அர்த்தம் பிடிபட இருபது வருஷம் ஆனது.

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒருவரைக் கூலிக்கு வைத்திருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம். அவருக்குக் கூலி கொடுக்கக் கையில் ரொக்கம் இல்லை, ஏடிஎம் வரை போகச் சோம்பல். “திங்கக்கிழமை சேத்து வாங்கிக்கலாமாண்ணே?” என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். ஆனால் போகவில்லை. விரல்முட்டியில் காய்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே திண்ணை ஓரம் நின்றார். அம்மா உள்ளேயிருந்து மளிகைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, என்னிடம் சொன்னார்: “சனிக்கிழமை கூலிய நம்பித்தான்டா அவங்க வீட்ல உலை வைக்கறது. ஏழாங் கற்பனைக்கு அர்த்தம் நீதானே ஒப்பிச்சே?”

நான் யாருடைய காசையும் திருடவில்லை. ஆனால் கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது பைபிளில் லேவியராகமம் 19:13. உபாகமம் 24:15 காரணத்தையும் சொல்கிறது: அவன் ஏழை, அதையே எதிர்பார்த்திருக்கிறான். களவு என்பது நான் நினைத்ததைவிட எவ்வளவு பெரிய சொல் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

உள்ளான அர்த்தம் முக்கியம் என்பதால் எழுத்தை விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. ஒற்தலாம் என்ற கீரையிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார். ஆனால் இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடக் கூடாது என்றுதான் முடித்தார் (மத்தேயு 23:23). உள்ளே போகப் போகக் கற்பனை கனக்கத்தான் செய்கிறது.

இயேசு மலைமேல் செய்த மலைப்பிரசங்கத்தில் ஒரு இடம் என்னை விடுவதில்லை. “கொலை செய்யாதிருப்பாயாக” என்பதைக் கோபம்வரை கொண்டுபோன இயேசு, பலிபீடத்தின் முன் நிற்கும்போது “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று” நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிறார். கவனியுங்கள்: எனக்கு அவன்மேல் உள்ள குறை இல்லை, அவனுக்கு என்மேல் உள்ள குறை. அவர் இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கும் மேல், ஏறக்குறைய மூன்று நாள் நடை. கலிலேயாக்காரன் ஒருவன் அங்கிருந்து ஊருக்குத் திரும்பி, சமாதானமாகி, மறுபடியும் நடக்க வேண்டும்.

எங்கள் திருச்சபையின் போன தேர்தலில் ஒருவரைப் பற்றி வந்த செய்தியை, உண்மையா என்று விசாரிக்காமல் வாட்ஸப்பில் நாலு பேருக்கு அனுப்பினேன். பொய் என்று பிறகு தெரிந்தது. அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் இன்னும் போகவில்லை.