வீட்டில் உள்ள ஆன்டிபயாடிக் புற்றுநோயைத் தடுக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சும் கீமோதெரபியும் நடந்துகொண்டிருக்கின்றன. ஆக்சிஜன் குறைந்த சூழலில் புற்றுநோய் செல்கள் வளர்வதை ஓர் ஆன்டிபயாடிக் மட்டுப்படுத்துகிறது என்று படித்தேன். முன்பு தொண்டைத் தொற்றுக்கு வாங்கிய மாத்திரைகள் வீட்டில் மீதமிருக்கின்றன. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் படித்ததில் உண்மை உண்டு. ஆனால் அது உங்கள் கையில் உள்ள மாத்திரையைப் பற்றியது அல்ல.

கட்டி வேகமாக வளரும்போது ரத்தக் குழாய்கள் அதற்கு ஈடாக வளர்வதில்லை. குழாயிலிருந்து 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தூரம் வரையில்தான் ஆக்சிஜன் ஊடுருவும் என்பதால், அதற்கு அப்பால் உள்ள செல்கள் பலவும் மடிகின்றன. மடியாதவை, எச்.ஐ.எஃப்.-1 என்ற புரதத்தின் துணையால் பிழைக்கின்றன. ஆக்சிஜன் போதிய அளவில் இருந்தால் இந்தப் புரதத்தின் ஆல்ஃபா பகுதி உருவான சில நிமிடங்களிலேயே சிதைக்கப்பட்டுவிடும். ஆக்சிஜன் குறைந்தாலோ அது சிதையாமல் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.வில் உரிய இடத்தில் ஒட்டிக்கொண்டு, புதிய ரத்தக் குழாய்களை வரவழைக்கும் மரபணுக்களையும் ஆக்சிஜன் இன்றியே சர்க்கரையிலிருந்து ஆற்றல் பெற உதவும் மரபணுக்களையும் முடுக்கிவிடும். செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரிகளிலிருந்து கிடைத்த எக்கினோமைசின் என்ற ஆன்டிபயாடிக், அந்தப் புரதம் ஒட்ட வேண்டிய டி.என்.ஏ. இடத்தில் தானே போய் அமர்ந்துகொள்கிறது என்பது 2005இல் ஆய்வகத்தில் தெரியவந்தது. இந்த மருந்து அதற்கு முன்பே நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, கடுமையான வாந்தியைத் தந்ததோடு எதிர்பார்த்த பலனும் தராததால் கைவிடப்பட்டிருந்தது. ஆய்வகத் தட்டில் கண்ட வெற்றி நோயாளியின் உடலை எட்டுவது எவ்வளவு கடினம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதே குடும்பத்து நுண்ணுயிரியிலிருந்து வந்த மைட்டோமைசின், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கூடுதலாகச் செயல்படும் தன்மையுடையது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் அந்த நீலம் கலந்த ஊதா நிறக் கரைசலை மெல்லிய குழாய் வழியாகச் செலுத்தி, ஓரிரு மணி நேரம் உள்ளேயே வைத்திருக்கச் செய்கிறோம். பிறப்பால் ஆன்டிபயாடிக் என்றாலும், இது செல்களைக் கொல்லும் கீமோதெரபி மருந்து. தொண்டைத் தொற்றுக்கு எழுதித் தரும் மாத்திரைக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே.

மீதமிருந்த மாத்திரையைக் கொடுப்பதில் நேரடி ஆபத்தும் இருக்கிறது. கீமோதெரபியின்போது வெள்ளணுக்கள் குறையும். அப்போது 38 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சல் வந்தாலே அவசர நிலை. அரைகுறையாக உட்கொண்ட ஆன்டிபயாடிக், தொற்றை ஒழிக்காமல் அதன் அறிகுறியை மட்டும் மறைத்துவிட்டால், சிகிச்சை தாமதமாகிவிடும். சில ஆன்டிபயாடிக்குகள் புற்றுநோய் மருந்துகளின் அளவை ரத்தத்தில் கூட்டவும் செய்கின்றன.

ஆக்சிஜன் குறைவைப் பற்றிய உங்கள் கவலை மிகவும் நியாயமானது. அத்தகைய செல்களை அழிக்க இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படுகிறது. கதிர்வீச்சை ஒரே நாளில் கொடுத்து முடிக்காமல் பல நாட்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: குழாய்க்கு அருகிலுள்ள செல்கள் முதலில் அழிய, தள்ளியிருந்த செல்களுக்கு ஆக்சிஜன் கிடைக்கத் தொடங்கும், அடுத்த தவணையில் அவை எளிதில் அழியும். எனவே அம்மாவின் சிகிச்சை நாட்கள் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயில் உள்கதிர்வீச்சு உட்பட முழுச் சிகிச்சையையும் எட்டு வாரங்களுக்குள் முடிக்கவே முயல்கிறோம். கட்டிக்கு ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். ரத்தப்போக்கினால் அது குறைந்திருக்கக்கூடும் என்பதால், கடைசிப் பரிசோதனையில் அது எவ்வளவு இருந்தது என்றும், குறைந்திருந்தால் என்ன செய்யப்போகிறார்கள் என்றும் அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.