கண்மாய்க் கரையா, பூங்கா வாசலா? – சைக்கிள் கேள்வி பதில்

சொந்த ஊர் கொத்தமங்கலம், வேலை சென்னை பெருங்குடியில். பச்சையைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம் என்று சைக்கிள் வாங்கினேன். அதைச் சென்னையில் வைத்துக்கொள்வதா, ஊரில் போட்டுவிட்டு மாதம் ஒரு முறை வரும்போது ஓட்டுவதா?
– வாசகர், பெருங்குடி

மாதம் ஒரு முறை ஓட்டுகிற சைக்கிள், ஆறு மாதத்தில் துண்டு காயப்போடத்தான் பயன்படும். சென்னையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அங்கே பச்சை என்பது பெரும்பாலும் சுவருக்கு உள்ளே. கிண்டி தேசியப் பூங்கா நகருக்கு நடுவே 2.7 சதுர கிலோமீட்டர் காடு. சாலையில் போகிற உங்களுக்குத் தெரிவதோ மதில்தான். செம்மொழிப் பூங்கா ஏறத்தாழ 20 ஏக்கர். சைக்கிளை வெளியே விட்டுவிட்டு நடந்துதான் பார்க்க வேண்டும். ஆக, சென்னையில் சைக்கிள் உங்களைப் பூங்கா வாசல் வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அதனால் சைக்கிளுக்கு அடுத்த செலவு பூட்டு. மெல்லிய கம்பிப் பூட்டை வெட்ட ஒரு நிமிடம் ஆகாது. யு வடிவ இரும்புப் பூட்டு வாங்கி, ஃபிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்து, தரையில் பதித்த கம்பத்தோடு பூட்டுங்கள். முன் சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது முன் சக்கரம் மட்டும் இருக்கும்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை அதை ஊடறுத்துப் போகிறது. குளிர்காலத்தில் பூநாரைகூடச் சாலையிலிருந்தே தெரியும். காலை ஆறரைக்குள் போய் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் லாரியைத்தான் பார்க்கலாம். நிழலுக்கு என்றால் அடையாறு, பெசன்ட் நகர் உள் தெருக்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் நகரெங்கும் மரங்களைச் சாய்த்த பிறகும் அங்கே ஓரளவு மிச்சம் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் ஓட்டினால் வீடு வந்ததும் செயினை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புக் காற்றுக்கு ஒரு வாரம் போதும், துரு பிடித்துவிடும்.

ஊரில் பச்சைக்குச் சுவர் கிடையாது. ஆனால் மாதம் உண்டு. ஐப்பசி மழை பிடித்துக் கண்மாய் பெருகினால் கார்த்திகை முதல் மாசி வரை தண்ணீரும் நெல்லும் கொக்குமாக இருக்கும். சித்திரையில் அதே கரையில் நின்றால் வெடித்த மண்ணும் சீமைக்கருவேலும்தான். “தைலமரக் காடு இருக்கிறதே” என்பார்கள். வருடம் முழுக்கப் பச்சைதான், ஆனால் இலை கீழ்நோக்கித் தொங்குவதால் நிழல் விழாது. நிழல் வேண்டுமானால் புளியமரச் சாலையைத் தேடுங்கள். அகலப்படுத்தாத பழைய சாலைகளில் இன்னும் உண்டு.

விடுப்பை அந்த நான்கு மாதத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்குப் பூங்கா திறக்கும் நேரம் தெரிந்தால் போதும். ஊருக்குப் பஞ்சாங்கம் வேண்டும்.

700×35 டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள். இரண்டு மாதத்தில் ஏழு பஞ்சர். வெயிலில் காற்று விரிந்து டியூப் போகிறது, காற்றைக் குறைத்து ஓட்டுங்கள் என்கிறார் கடைக்காரர். சரியா?
– வாசகர், தேவகோட்டை

சரியில்லை. காலையில் 27 டிகிரியில் 60 பி.எஸ்.ஐ. அடித்த டயர், நடுப்பகலில் 50 டிகிரிக்குச் சூடேறினாலும் கூடுவது சுமார் 6 பி.எஸ்.ஐ.தான். நல்ல டயர் அதைப் பொருட்படுத்தாது. காற்றைக் குறைத்தால்தான் புதுத் தொல்லை. சரளைக் கல்லின் விளிம்பில் டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் அகப்பட்டுக் கிழியும்.

அடுத்த முறை டியூபைக் கழற்றும்போது ஓட்டை எங்கே, என்ன வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவு. வெளிப்பக்கம் ஊசி முனை அளவு ஒற்றை ஓட்டை என்றால் முள். உள்பக்கம், அதாவது ரிம்மைத் தொடும் பக்கம் என்றால் ரிம்முக்குள் சுற்றிய டேப் விலகி ஸ்போக் கம்பியின் நிப்பிள் முனை குத்துகிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்றில்லாமல் ஓட்டி டயர் ரிம்மில் நழுவியிருக்கிறது. அதை ஒட்ட முடியாது, டியூபையே மாற்ற வேண்டும்.

உங்கள் பக்கத்தில் பத்துக்கு எட்டு முள்ளாகத்தான் இருக்கும். அதிலும் இரண்டு வகை. சீமைக்கருவேல் முள் நீளமானது, இரண்டு அங்குலம்கூட வரும், குத்தியதும் தெரிந்துவிடும். வேலி வெட்டிச் சாலையோரம் இழுத்துப் போன மறுநாள்தான் இது அதிகம். நெருஞ்சி அப்படியல்ல. டயருக்குள் முனை மட்டும் முறிந்து தங்கிவிடும். பஞ்சர் ஒட்டி மாட்டுவீர்கள், மறுநாள் காலை காற்று இறங்கியிருக்கும். ஏழு பஞ்சரில் மூன்று நான்கு இப்படி ஒரே முள்ளால் வந்ததாகவே இருக்கலாம்.

இதற்கு ஒரு வழக்கம் உண்டு. டயரை மாட்டும்போது அதன் பக்கவாட்டு எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி வையுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால், டயரிலும் எழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் முள் இருக்கும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் தேடுங்கள். டயரின் உள்ளே விரலை விட்டுத் தேடாதீர்கள். பஞ்சை உருட்டி மெதுவாக ஓட்டுங்கள், முனை இருக்கும் இடத்தில் நார் சிக்கும். வெளியிலிருந்து ஊசியால் தள்ளி, உள்ளிருந்து குறடால் பிடித்து இழுங்கள்.

ஒட்டும்போது உப்புத்தாளால் ஒட்டுப் போடும் அளவைவிடக் கொஞ்சம் அகலமாகத் தேயுங்கள். டியூபின் வார்ப்புக் கோடு அந்த இடத்தில் ஓடினால் அது மட்டமாகும் வரை தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் கோட்டின் வழியே காற்று கசியும். சொல்யூஷனை மெல்லிய பூச்சாகப் பூசிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பெரும்பாலான ஒட்டு பிரிவது இந்த ஐந்து நிமிடப் பொறுமை இல்லாததால்தான். ஈரத்தோடு ஒட்டினால் அடியில் ஆவி தங்கி விளிம்பு தூக்கிக்கொள்ளும். பளபளப்பு போய் மங்கலானதும் ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் டியூப் டயரில் ஒட்டிக்கொள்ளாது.

தடுக்க வேண்டுமானால், பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி வால்வை எடுத்துவிட்டு, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே படுக்கவிடுங்கள். சைக்கிள் கடைகளில் பழைய வைத்தியம். சக்கரம் சற்றுக் கனக்கும், நெருஞ்சி உள்ளே வராது. முனை மடிந்திருந்தால் அதுவே டியூபை அறுக்கும் என்பதால் இரு முனையையும் சீவி மெல்லியதாக்குங்கள். ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலண்ட் திரவமும் வேலை செய்யும், ஒரு டியூபுக்கு 60 முதல் 80 மி.லி. நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்துவிடும். மறுபடி ஊற்ற வேண்டும். காற்று 55இலிருந்து 60 பி.எஸ்.ஐ. வரை இருக்கட்டும்.

ஒன்று மறக்காதீர்கள். ஒட்டுச் சாமான் கையில் இல்லாமல் வழியில் முள்ளைக் கண்டால் பிடுங்காதீர்கள். பல நேரம் முள்ளே அடைப்பாக நின்று வீடு வரை கொண்டுவந்து விடும்.

கண்மாய்க் கரையில் ஓட்டலாமா? எங்கள் ஐயனார் கோயில் காட்டுக்குள்ளும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது.
– கல்லூரி மாணவி, ஆத்தங்குடி

கரையில் தாராளமாக ஓட்டலாம், மழை விட்டு இரண்டு நாள் கழித்து. களிமண் கலந்த கரை ஈரமாக இருந்தால் டயரில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே நிறைந்து சக்கரமே சுற்றாது. அப்போது வலுவாக மிதித்தால் செயின்தான் அறுபடும். இறங்கிக் குச்சியால் சுரண்டுங்கள். உபரி நீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் வழியும் நாளில் அதன் மேல் சைக்கிளோடு போக வேண்டாம். கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று தோன்றும். அடியில் இருக்கும் பாசி கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த செம்மண் சரளையில் திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். திரும்பும்போது முன் பிரேக் பிடித்தால் முழங்கை தேயும்.

கோயில் காட்டுக்குள் வேண்டாம். செருப்பையே வெளியே விடுகிற இடம். அது இருக்கட்டும், அடியில் சருகு மட்கிய மண். அங்கே டயர் தடம் விழுந்தால் அடுத்த மழையில் அதுவே வாய்க்காலாகி வேரை அரிக்கும். ஐயனாரின் மண் புரவிகளுக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

பேரன் சிங்கப்பூரில் சைக்கிள் ஓட்டிப் பழகியவன். மே மாதம் வருகிறான். இங்கே ஓட்ட விடலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

விடுங்கள் ஆச்சி, ஆனால் காலை ஐந்தே முக்காலிலிருந்து எட்டு வரை மட்டும். அங்கே பூங்காக்களை இணைத்து 300 கிலோமீட்டருக்கு மேல் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். பழைய ரயில் தடமே 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாகிவிட்டது. கார் குறுக்கே வராது என்று அவன் உடம்பு பழகியிருக்கும். நம் சாலையில் பஸ் ஹாரன் கேட்டதும் தார் ரோட்டை விட்டு இறங்கத் தெரிய வேண்டும். தார் விளிம்பு மண்ணைவிட நாலு விரல் உயரமாக இருந்தால், சாய்வாக ஏற முயலாமல் நின்று தூக்கி வைக்கச் சொல்லுங்கள். அந்த விளிம்பில் முன் சக்கரம் உரசித்தான் புதியவர்கள் விழுவார்கள்.

முதல் வாரம் தெருக்களுக்குள்ளேயே ஓட்டட்டும். பள்ளத்தூர், கானாடுகாத்தான் தெருக்கள் அகலம், நேர்க்கோடு. வடக்கு தெற்காகப் போகும் தெருவில் கிழக்குப் பக்க மதில் எட்டு மணி வரை நிழல் தரும். ஊருணியைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தால் போதும். மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், வந்ததும் உப்புப் போட்ட மோர். வியர்வை நின்று தோல் காய்ந்து தலை சுற்றுகிறது என்றால் உடனே நிழலில் படுக்க வைத்து ஈரத்துணியால் துடையுங்கள், தெளியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அப்பச்சி ஓட்டிய கறுப்பு சைக்கிள் இருபது வருடமாக வீட்டுக் கூடமான பட்டாலையில் நிற்கிறது. ஓட்டத் தேறுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

தேறும். துருப்பிடிக்கிற கூரையடியில் நிற்காமல் பட்டாலையில் நின்றதே பாதி வேலை. ஃபிரேம் குழாய்கள் சேரும் மூட்டுகளில் மயிரிழை விரிசல் இல்லையா என்று மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். 28×1½ டயர் இன்றும் கிடைக்கிறது. டயர், டியூப், வால்வு ரப்பர், பிரேக் கட்டை நான்கையும் யோசிக்காமல் மாற்றுங்கள். ரப்பர் நிற்கும்போதே மூப்படையும்.

பிறகு ஓவராயில், அதாவது எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி மாட்டுவது. பழைய கிரீஸ் கல்லாக இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பேரிங் பால்ஸை எண்ணிப் போடுங்கள்: முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 10, பின் சக்கரத்தில் 9, கிராங்க் சுற்றும் நடு அச்சில் 11. பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள். தேய்ந்தது சும்மா இருக்க, புதியது மட்டும் பாரம் தாங்கிக் கப்பைக் குழியாக்கும். இடது பெடலுக்கு எதிர்மரை என்பதை மறந்து கிராங்கைக் கெடுத்தவர்கள் பலர். கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னை அடித்து இறுக்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி ஒரு முறை முடுக்குங்கள். முதல் முடுக்கு எப்படியும் தளரும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிச் செம்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, பிறகு துடைத்துவிட வேண்டும். கம்பிப் பிரேக் மழையில் பிடிக்காது என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். ஈர ரிம்மில் ரப்பர் வழுக்கும்.

காரைக்குடியிலிருந்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குச் சைக்கிளில் போய் வர முடியுமா?
– இரு நண்பர்கள், காரைக்குடி

முடியும், ஆனால் போக மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல். முதலில் பிள்ளையார்பட்டிக்குப் போய் வாருங்கள், சுமார் 12 கிலோமீட்டர். அதை அலுங்காமல் இரண்டு முறை செய்தவர்கள் போகலாம்.

ஆடியில் மேல்காற்று. மேற்கே குன்றக்குடி, திருப்பத்தூர் பக்கம் போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். களைத்த நேரத்தில் அது பெரிய உதவி. மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து. போகும்போது பறப்பீர்கள், வெயில் ஏறிய பிறகு எதிர்காற்றில் திரும்ப வேண்டும். ஆனால் பறவை இருப்பது கார்த்திகையிலிருந்து மாசி வரைதான். எனவே போகும்போது கிடைக்கிற வேகத்துக்கு ஆசைப்பட்டுக் காலைத் தீர்த்துவிடாதீர்கள். மார்கழியில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் வரும். ஐந்தரைக்குப் புறப்பட்டால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். திருப்பத்தூரில் சாப்பிட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வேட்டங்குடி 1977இல் சரணாலயமானது. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், இராக்கொக்கு எல்லாம் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். பறவைகள் கலையக் கூடாது என்று பக்கத்து ஊரான கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. சைக்கிளைச் சாலைப் பக்கமே ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கரைக்கு நடந்து போங்கள்.

சென்னை போகும் பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் சைக்கிளை ஏற்ற முடியுமா?
– வாசகர், கோட்டையூர்

பயணிகள் பெட்டிக்குள் 100×60×25 செ.மீ. அளவுக்குள் அடங்கும் சாமான்தான் அனுமதி; மடக்கும் சைக்கிளே பெரும்பாலும் தடிமனில் 25ஐத் தாண்டும். பார்சல் ஆபீசில் முன்கூட்டியே பதிந்து, சாமான் ஏற்றும் பிரேக் வேனில் அனுப்புங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில் பாரைத் திருப்பிக் கட்டி, பின் சக்கரத்துக் கியர் மாற்றியின் மேல் அட்டை சுற்றுங்கள். பெயர், ஊர் எழுதிய சீட்டு இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒன்று எப்படியும் கிழியும்.