விட்ட பத்தாவதை இப்போது முடிக்கலாமா? வாசகர் கேள்வி - பதில்

பாதியில் நின்ற படிப்பு, கையில் தொழில் இருந்தும் காட்டச் சான்றிதழ் இல்லாத நிலை என்று வந்த கடிதங்களில் ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். கட்டணமும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வயது 31. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சூப்பர்வைசராக வேண்டுமானால் பத்தாவது பாஸ் கேட்கிறார்கள். ஒரு டுடோரியலில் மூன்றே மாதத்தில் சர்டிபிகேட் என்கிறார்கள். சேரலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: "எந்த வாரியத்தின் சான்றிதழ்?" என்று அவர்களிடம் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். தேர்வு மையத்தில் உட்கார்ந்து எழுதாமல் வரும் பத்தாம் வகுப்புச் சான்று, வேலையில் சேர்ந்த பிறகு நடக்கும் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளும்.

உங்களுக்கு முறையான வழிகள் இரண்டு. ஒன்று, தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பொதுத்தேர்வைப் பள்ளியில் சேராமலே, நேரடித் தனித்தேர்வராக எழுதுவது. பதினான்கரை வயது நிரம்பியிருக்க வேண்டும், எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். உங்களுக்கு இரண்டும் உண்டு. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஐந்திலும் 35 எடுக்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது அறிவியல் செய்முறையில்தான். அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் 15 வேண்டும். நேரடித் தனித்தேர்வர்கள் மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகச் செய்முறைப் பயிற்சி வகுப்பில் முன்கூட்டியே பெயர் பதிந்து, 80 சதவீத வருகை காட்டினால்தான் தேர்வெழுத விடுவார்கள். இந்த அறிவிப்பு கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தேர்வு விண்ணப்பம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று டிசம்பர் வரை காத்திருப்பவர்களுக்கு அந்த ஆண்டு போனதுதான்.

இரண்டாவது வழி, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.). 14 வயது முடிந்திருந்தால் போதும், உச்ச வயது கிடையாது. ஒரு மொழிப்பாடம் உட்பட ஐந்து பாடங்களை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகள், ஒன்பது தேர்வு வாய்ப்புகள். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடக்கும். இந்த முறை இரண்டு பாடம், அடுத்த முறை மூன்று என்று பிரித்து எழுதலாம். வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புக்கும் 20 சதவீத மதிப்பெண் உண்டு. பலர் அதைச் சமர்ப்பிக்காமலே விட்டு, சில மதிப்பெண்ணில் தோற்கிறார்கள். தமிழ் வழியும் இருக்கிறது, ஆனால் நீங்கள் எடுக்க நினைக்கும் பாடத்துக்குத் தமிழில் நூல் உண்டா என்று பார்த்த பிறகே பதியுங்கள்.

ஷிப்டு மாறி மாறி வேலை பார்க்கும் உங்களுக்கு இரண்டாவது வழிதான் ஒத்துவரும் என்பது எங்கள் கருத்து. ஒரு எச்சரிக்கை: அங்கே கணிதம் கட்டாயமில்லை என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்லிப் பலரும் ஆசை காட்டுவார்கள். நாளைக்கு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவில் சேர நினைத்தால் பத்தாவதில் கணிதமும் அறிவியலும் கேட்பார்கள். அந்த யோசனை கொஞ்சமாவது இருந்தால் இரண்டையும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 2009-ல் பத்தாவது எழுதியதில் கணக்கு மட்டும் போய்விட்டது. மறுபடி எல்லாப் பாடமும் எழுத வேண்டுமா? கணக்கு என்றாலே பயம். 35 எடுக்க என்ன வழி? (வாசகர், விருதுநகர்)

பதில்: கணக்கு மட்டும் எழுதினால் போதும். பாடத்திட்டம் மட்டும் இப்போதையது. அதனால் பழைய புத்தகத்தையும் பழைய கைடையும் பரணில் போட்டுவிட்டு நடப்புப் பதிப்பை வாங்குங்கள். அறிவியலில் ஏற்கெனவே பாஸ் என்பதால் செய்முறைத் தொல்லை உங்களுக்கு இல்லை. (2012-க்கு முந்தைய பாடத்திட்டத்தில் அறிவியலில் தோற்றவர்கள் அந்தப் பயிற்சியில் பதிந்தே ஆக வேண்டும்.)

வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண்ணில் 10. கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், மற்றது வரைபடம். இரண்டிலும் "அல்லது" உண்டு. பயப்படுபவர் தொடங்க வேண்டிய இடம் இந்தக் கடைசிப் பக்கம். 16 மதிப்பெண், அதிகக் கணக்கு கிடையாது, கைப்பழக்கம்தான்.

வடிவியலில் வருபவை சில வகைகளே: வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் தந்து வரையச் சொல்லும் முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு. தினம் ஒரு படம் வரைந்தால் கை தானாகப் போகும். உதவிப்படம் போடாமல் நேரே வரைவதும், மொட்டைப் பென்சிலால் இரட்டைக் கோடு விழுவதும்தான் இங்கே மதிப்பெண்ணைத் தின்பவை.

வரைபடத்துக்கு y = x² − 4 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். x-க்கு −3 முதல் 3 வரை போட்டால் y வரிசையாக 5, 0, −3, −4, −3, 0, 5 என்று வர வேண்டும். நடுவிலுள்ள −4-க்கு இருபுறமும் எண்கள் ஒன்றுபோல இருக்கின்றன அல்லவா? அப்படி வரவில்லை என்றால் பெரும்பாலும் (−3)² என்பதை −9 என்று எழுதியிருப்பீர்கள். 9 என்பதே சரி. புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைக்காதீர்கள், அது வளைவரை, கையால் ஒரே ஓட்டமாக வரைய வேண்டும். அட்டவணை, அச்சுகளின் பெயர், மூலையில் அளவுத்திட்டம் மூன்றும் இல்லாத தாளுக்கு முழு மதிப்பெண் கிடைக்காது.

அடுத்து, எட்டு இயல்களின் இறுதியிலும் உள்ள பலவுள் தெரிவு வினாக்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். குறியீட்டை மட்டும் எழுதாமல் விடையையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றாவதாக, முதல் இயலில் கார்ட்டீசியன் பெருக்கல், இரண்டாம் இயலில் கூட்டுத்தொடர் வரிசை, எட்டாம் இயலில் திட்டவிலக்கம். வரைவதில் 13, ஒரு மதிப்பெண்ணில் 9, நான்கு இரண்டு மதிப்பெண் வினாவில் 8, இரண்டு ஐந்து மதிப்பெண் வினாவில் குறைபட்டு 8 என்று வைத்தாலும் 38 வந்துவிடுகிறது. முக்கோணவியலையும் அளவியலையும் தொட நேரமில்லாமல் போனாலும் பரவாயில்லை.

மார்ச்சில் தவறினால் ஜூன்-ஜூலையில் துணைத் தேர்வு உண்டு. விண்ணப்பக் கடைசி நாள் தாண்டிவிட்டால் தட்கல் எனப்படும் சிறப்பு அனுமதித் திட்டம் இருக்கிறது, கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் மூன்றாவதுக்கு மேல் பள்ளிக்குப் போனதில்லை. எட்டாவது பாஸ் சான்று வாங்க முடியுமா? (வாசகர், அரியலூர்)

பதில்: முடியும். அரசுத் தேர்வுகள் இயக்ககமே எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிரம்பிய எவரும் எழுதலாம். ஐந்து பாடங்கள். மாற்றுச் சான்றிதழ், பள்ளிப் பதிவுத்தாள், பிறப்புச் சான்றிதழ் இவற்றில் ஏதேனும் ஒன்றின் நகல் போதும். பெரியவர்கள் தடுக்கி விழுவது ஆங்கிலத்தில்தான். ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஆரம்பித்து மேலே வாருங்கள். இதில் தேறினால் பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதும் தகுதியும் சேர்ந்தே கிடைக்கும்.

கேள்வி: பன்னிரண்டு வருடமாக வீட்டு ஒயரிங் செய்கிறேன். படிப்பு எட்டாவது. இப்போது பெரிய கட்டடங்களில் சர்டிபிகேட் கேட்கிறார்கள். வேலையை விட்டு ஐ.டி.ஐ. போக முடியாது. (வாசகர், மதுரை)

பதில்: உங்களைப் போன்றவர்களுக்காகவே மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஒயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடும். அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விசாரித்து வையுங்கள், ஏனென்றால் நாளிதழில் ஒரு நாள் வந்துபோகும் அறிவிப்பு கண்ணில் படாமல் போவதே பெரிய இடைஞ்சல். அனுபவத்தை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் அவருடைய லெட்டர்ஹெட்டில், உரிம எண்ணும் வேலை செய்த காலமும் குறிப்பிட்டு வாங்குங்கள். மேஸ்திரி கைப்பட எழுதித் தரும் சீட்டுக்கு மதிப்பில்லை. இந்தச் சான்று வந்துவிட்டதால் சொந்தமாக ஒப்பந்தம் எடுத்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள், அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

ஐ.டி.ஐ. சான்றுதான் வேண்டும் என்றால், அகில இந்திய தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இருக்க வேண்டும். முதலில் ஒரு முதல்நிலைத் தேர்வில் தேறினால்தான் பிரதானத் தேர்வு. கையில் வேலை சுத்தமாக இருப்பவர்களும் எழுத்துத் தேர்வில் சறுக்குகிறார்கள். ஓம் விதி, எர்த்திங், ஒயர் அளவு, கருவிகளின் பெயர் ஆகியவற்றைப் பாடப்புத்தகம் சொல்லும் பெயரிலேயே படித்துவிடுங்கள்.

கேள்வி: 38 வயதுப் பெண், எட்டாவது பாஸ். ஐ.டி.ஐ.யில் சேர்ப்பார்களா? (வாசகி, சேலம்)

பதில்: சேர்ப்பார்கள். ஆண்களுக்கு 40 வயது வரை. பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. எட்டாவதுக்குக் கிடைக்கும் பிரிவுகள் தையல் தொழில்நுட்பம், வெல்டர், வயர்மேன் போன்றவை.

எதில் சேர்வது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எட்டாவதுக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் அதைப் பத்தாவதுக்கு இணையாகக் கொள்ள 2022-ல் தமிழக அரசு ஆணையிட்டது. பத்தாவதுக்குப் பின் இரண்டாண்டு படித்தவருக்கும் இதே முறையில் பிளஸ் டூ இணை. வெல்டரும் தையலும் ஓராண்டுப் படிப்பு, வயர்மேன் இரண்டாண்டு. கணக்கைத் தாண்டிப் பத்தாவது தகுதி பெற இதுவும் ஒரு நேர்வழி. தையல் மட்டும் போதும், சொந்தமாகக் கடை வைப்பேன் என்றால் ஓராண்டே தாராளம்.

கேள்வி: கணவர் ஆறாவதுதான் படித்தவர். வாடகை வேன் ஓட்ட பேட்ஜ் போட எட்டாவது சான்று வேண்டும் என்று ஏஜென்ட் பணம் கேட்கிறார். (வாசகி, கோவை)

பதில்: பணம் கொடுக்காதீர்கள். போக்குவரத்து வாகன ஓட்டிகளுக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதி 2019-லேயே நீக்கப்பட்டுவிட்டது. போதாததற்கு, 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை இலகுரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னதை 2024-ல் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்திருக்கிறது.

கேள்வி: பத்தாவது, பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்தேன். குரூப் தேர்வு எழுதலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: பட்டம் பொய்யில்லை, ஆனால் தமிழக அரசுப் பணிக்குப் பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை வேண்டும். 2009-ல் வந்த அரசாணை 107 சொல்வது இதைத்தான். அந்த இரண்டையும் இனித் தனித்தேர்வராக எழுதலாம் என்றாலும், பட்டத்துக்குப் பிறகு முடித்த பத்தாவது அந்த வரிசையைச் சரிசெய்துவிடும் என்று நம்பிப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: டி.சி.யில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, இனிஷியலும் மாறியிருக்கிறது. தேர்வுக்கு எதைக் கொடுப்பது? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: டி.சி.யில் இருப்பதை. அதன்படிதான் மதிப்பெண் பட்டியல் வரும், அதில் உள்ள பிறந்த தேதிதான் பிற்காலத்தில் எல்லா அலுவலகத்திலும் ஆதாரம். எனவே ஆதாரை டி.சி.க்கு ஒத்ததாக மாற்றுங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் திருத்தலாம்; அதனால் எழுத்துக்கு எழுத்து பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். சேவை மையத்தில் தேர்வு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து முடித்ததும், அவர்கள் பதிவேற்றும் முன் திரையில் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், பிறந்த தேதி, பாடங்கள் நான்கையும் நீங்களே படித்துப் பாருங்கள். அவர்கள் தரும் ஒப்புகைச் சீட்டில் இருக்கும் விண்ணப்ப எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நுழைவுச் சீட்டை இறக்க அந்த எண் வேண்டும்.