பழைய செருப்பைப் பார்த்து அதைப் போட்டிருந்தவரின் வாழ்க்கையைச் சொல்ல முடியுமா?

உங்கள் வீட்டிலும் பரணிலிருந்து ஒரு ஜோடி இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. முடியும் என்பதுதான் என் பதில்.

நான் தொல்லியல் படித்தவன் இல்லை, கருவாட்டு வியாபாரியின் பேரன். "செருப்பெல்லாம் ஒரு ஆதாரமா" என்று கிளம்பி வருகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடக்கே விந்தோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் 5,000க்கும் மேல் காலணிகள் கிடைத்திருக்கின்றன. காற்றுப் புகாத ஈர மண்ணில் கிடந்ததால் தோல் மக்கவில்லை. பட்டாளத்தார் கோட்டை அது. ஆனால் கிடைத்தவற்றில் பெண்கள் போட்டதும் இருக்கிறது, கைக்குழந்தை போட்டதும் இருக்கிறது. அங்கே செருப்பு ஆளைக் காட்டிக்கொடுக்கிறது; நம் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை இதையே தலைகீழாக, கால் செருப்பைக் காட்டிக்கொடுப்பதாகச் சொல்கிறது: இடையனின் காலில் செருப்பு உரசி உரசி ஆழப் பதிந்த வடு. "தொடுதோல் மரீஇய வடு ஆழ் நோன் அடி." போதும், என் கதைக்கு வருகிறேன்.

என் அய்யா, அதாவது அப்பாவின் அப்பா, பாம்பனில் கருவாடு எடுப்பார். 1988இல் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவிலிருந்து ரயில்தான், இல்லையென்றால் படகு. மூட்டையை ரயிலில் போட்டு மண்டபத்தில் இறக்கி, அங்கே விட்டுவைத்திருந்த சைக்கிளில் கட்டிக்கொண்டு உச்சிப்புளி, பெருங்குளம் பக்கத்து ஊர்களில் தெருத்தெருவாக விற்பார். வீட்டைப் பிரித்துக் கட்டும்போது அவருடைய டயர் செருப்பு கிடைத்தது. லாரி டயரில் வெட்டி ஆணி அடித்தது. அடியில் ஒடிந்த கருவேல முள் முனைகள் அப்படியே இருந்தன. பதினொன்று வரை எண்ணினேன்.

இரண்டு செருப்பும் ஒரே மாதிரி தேயவில்லை. வலது செருப்பின் முன்பாதியில் மட்டும் குறுக்கே ஒரு பள்ளம், கட்டைவிரலை வைத்தால் உட்காரும். அப்பாவிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். சைக்கிளுக்குப் பிரேக் கிடையாதாம். முன் டயரில் காலை வைத்து அழுத்தித்தான் வண்டியை நிறுத்துவாராம். அய்யாவிடம் "நல்ல ராலே வண்டி" இருந்தது என்று எங்கள் குடும்பத்தில் முப்பது வருடமாகப் பெருமை. பிரேக் சமாசாரத்தை யாரும் சொன்னதில்லை.

இந்தக் காலத்துச் செருப்புக்கு இப்படித் தேயவே நேரம் கிடைப்பதில்லை. போன வருடம் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 900 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூன்றாம் மாதம் அடி பிளந்துவிட்டது. பில்லோடு போனால், "தண்ணியில போட்டீங்களா சார்?" என்கிறார். கடற்கரை ஊரில் செருப்பைத் தண்ணீர் படாமல் வேறு எங்கே போடுவது? மாற்றித் தரவே இல்லை. சரி, விடுங்கள்.

அந்த டயர் செருப்பில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு வாரின் உட்பக்கத்திலும் கோடு போட்ட மாதிரி துருக்கறை. ஆணித் துரு என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆணி இருந்த இடம் வேறு. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்தார். அத்தைதான் சொன்னார். சில தெருக்களுக்குள் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, சைக்கிளில் ஏறியும் போகக் கூடாது. தெருமுனையில் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, வெயிலில் கொதிக்கிற மணலில் தள்ளிக்கொண்டே போவாராம். துரு அந்த ஹேண்டில்பாருடையது.

"எல்லா ஊரிலும் அப்படி இல்லை" என்று யாராவது எழுதுவீர்கள். எல்லா ஊரையும் நான் சொல்லவில்லை, எங்கள் அய்யா போன ஊர்களைச் சொல்கிறேன். எந்தெந்தத் தெரு என்று கேட்டதும் அத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வரிசையாகச் சொன்னார். சிறு பிள்ளையாகக் கூடப் போனவர், ஒன்றையும் மறக்கவில்லை. அப்பத்தாவின் செருப்பு எங்கே என்று கேட்டேன். அவரிடம் செருப்பே இருந்ததில்லை.

தூக்கிப் போடுவதற்கு முன் உங்கள் வீட்டுச் செருப்பின் வாரைத் திருப்பிப் பாருங்கள். கழுவிவிடாதீர்கள். நான் சுத்தமாக வைக்கலாமென்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வலது வாரின் கறை பாதி போய்விட்டது.