சம்பளம் இல்லை என்றால் பெர்மிட்டும் வேண்டாமா?

கேள்வி: என் மகள் விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். தாய்லாந்தில் சியாங் மாய் பக்கம் ஒரு யானை முகாமில் 4 வாரம் தன்னார்வத் தொண்டு செய்யப் போகிறேன் என்கிறாள். காலையில் யானைகளுக்குத் தீனி வெட்டிப் போடுவது, மாலையில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது. எங்கள் ஊர் ஏஜென்ட் 85,000 ரூபாய் கேட்கிறார். "சம்பளமே கிடையாது, அப்புறம் எதற்கு ஒர்க் பெர்மிட்? இமிகிரேஷனில் சுற்றுலா என்று சொன்னால் போதும். 15 நாள் வரைக்கும் பெர்மிட் வேண்டாம் என்று அந்த ஊர்ச் சட்டத்திலேயே இருக்கிறது, இரண்டு தடவையாகக் காட்டிக்கொள்ளலாம்" என்கிறார். நம்பி அனுப்பலாமா? (ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: அம்மா, பெர்மிட் வேண்டும். உங்கள் ஏஜென்ட் சொன்ன மூன்றில் முதலாவது தவறு, இரண்டாவது பொய், மூன்றாவது பாதி உண்மை. இந்தப் பாதி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும்.

சம்பளத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தாய்லாந்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம், உடல் உழைப்பையோ அறிவையோ செலுத்திச் செய்வதெல்லாம் வேலைதான், கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் என்று எழுதி வைத்திருந்தது. 2017-இல் வந்த அவசரச் சட்டமும் அதையே சொன்னது. 2018-இல் திருத்தியபோது அந்த வாசகத்தைச் சுருக்கி, முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தத் தொழிலைச் செய்வதும் வேலை என்று ஆக்கினார்கள். 'கூலி வாங்காவிட்டாலும்' என்ற சொல் போய்விட்டது, ஆகவே தொண்டுக்கு விலக்கு என்று சில ஏஜென்ட்கள் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். நடைமுறை அப்படி மாறவில்லை. தொண்டுக்கு வருபவர்களுக்கென்றே தாய்லாந்து தனியாக ஒரு விசா வைத்திருக்கிறது. அழைக்கும் அமைப்பு பெர்மிட் எடுத்துத்தர வேண்டும் என்றுதான் இன்றும் எதிர்பார்க்கிறார்கள். இது போக 1979-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வேறு இருக்கிறது. தற்காலிகமாக நாட்டுக்குள் வந்தவர் அனுமதி இல்லாமல் தொழிலோ வேலையோ செய்யக் கூடாது என்பது அதன் 37-ஆம் பிரிவு. ஒன்றில் தப்பினால் இன்னொன்றில் மாட்டுவோம்.

நம் ஆட்களுக்கு இது விசித்திரமாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டிலேயே டூரிஸ்ட் விசாவில் வரும் வெளிநாட்டவர் ஒரு மாதம் வரை காசு வாங்காமல் தொண்டு செய்யலாம். பிரிட்டனில் விசிட்டர் விசாவில் போனவர் பதிவு பெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாள் வரை செய்யலாம். லண்டனில் மகனைப் பார்க்கப் போன பெற்றோர் உணவு வங்கியில் மூட்டை தூக்கிக் கொடுத்ததாகச் சொல்வார்கள், அது சரிதான். அதை அப்படியே தாய்லாந்துக்குப் பொருத்துகிறார்கள். ஒரு நாட்டு விதி அடுத்த நாட்டு எல்லையைத் தாண்டாது.

இரண்டாவது, 'சுற்றுலா என்று சொல்'. இதைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பொய்யை ஏஜென்ட் சொல்வதில்லை, உங்கள் மகள் சொல்கிறாள். மாட்டினால் முத்திரை விழுவது அவள் பாஸ்போர்ட்டில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் என்னிடம் வந்தான், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிறகு. பாங்காக் விமான நிலையத்தில் எதற்கு வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள், சொல்லிக் கொடுத்தபடி சுற்றுலா என்றிருக்கிறான். ஓட்டல் முன்பதிவைக் காட்டு என்றார்களாம். ஏஜென்ட் கொடுத்த பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து நீட்டியிருக்கிறான். மேலே ஓட்டல் சீட்டு. அதற்கு அடியில் பச்சை நிறத்தில் ஒரு கால அட்டவணை: திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7 மணி, 'தன்னார்வலர் பணி நேரம்'. ஐந்து மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கட்டிய பணம் என்ன ஆயிற்று என்று ஏஜென்டிடம் கேட்டதற்கு, "நீ பேசத் தெரியாமல் பேசிவிட்டாய்" என்று பதில் வந்ததாம்.

இப்போது அந்த 15 நாள் சமாச்சாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊர் ஊராக இதை வைத்து வியாபாரம் நடக்கிறது. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு உண்மையிலேயே உண்டு. ஆனால் அது யாருக்கு? அவசரமும் அவசியமுமான வேலை, அதிலும் 15 நாளுக்குள் முடிகிற வேலை செய்ய வருபவர்களுக்கு. ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுவிட்டது, அதைச் செய்த நாட்டிலிருந்து பொறியாளர் வந்து சரிசெய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்மிட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தால் நஷ்டம் பெருகும். அந்த மாதிரி நிலைக்கு வைத்த வழி அது. அவருமே சும்மா போய் ஸ்பானரை எடுத்துவிட முடியாது. வேலையைத் தொடங்கும் முன்பே அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறையின் பதிவாளரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவித்த பிறகுதான் வேலை. 15 நாளில் முடியாவிட்டால் மறுபடி தெரிவித்து இன்னொரு 15 நாள் வாங்கலாம்.

ஏஜென்ட் இந்த இரண்டு பதினைந்தையும் கூட்டி உங்கள் மகளின் 4 வாரத்தை உள்ளே அடைத்துவிட்டார். கணக்கு சரிதான், விஷயம்தான் தப்பு. யானைக்குக் கரும்பு வெட்டிப் போடுவதில் என்ன அவசரம்? நேற்றும் யாரோ வெட்டினார்கள், நாளைக்கும் யாராவது வெட்டுவார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவதும் அப்படியே. அதுவும் முன்கூட்டியே தேதி குறித்துப் பணம் கட்டிப் போகும் வேலையை அவசரம் என்று எந்த அதிகாரியிடம் காட்டுவது? ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பதிவாளரிடம் கொடுக்கப்போகும் அந்த அறிவிப்பின் நகல் எனக்கு வருமா?" வராது. அப்படி ஒன்று கொடுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

பிடிபட்டால் என்ன ஆகும்? இணையத்தில் இன்னமும் 5 ஆண்டு சிறை என்று கிடக்கிறது. அது 2017-ஆம் ஆண்டு வாசகம். அடுத்த ஆண்டுத் திருத்தத்தில் வேலை செய்பவருக்கான சிறையை எடுத்துவிட்டார்கள். இப்போது 5,000 முதல் 50,000 பாட் (தாய்லாந்துப் பணம்) வரை அபராதம், நாட்டைவிட்டு அனுப்புவது, அப்புறம் 2 ஆண்டுக்குப் பெர்மிட் கேட்க முடியாது. வேலை வாங்கிய அமைப்புக்கு ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை தனியாக. சிறை இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். நாளைக்கு உங்கள் மகள் மேல்படிப்புக்கு வேறு நாட்டு விசா விண்ணப்பத்தை நிரப்பும்போது, 'எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டதுண்டா' என்ற கட்டத்தில் 'ஆம்' போட வேண்டியிருக்கும்.

முறையான வழி இதுதான். அழைக்கும் அமைப்பு தாய்லாந்தில் பதிவானதாக இருக்க வேண்டும். அது கொடுக்கும் அழைப்புக் கடிதத்தையும் பதிவுச் சான்றையும் வைத்து முன்பு சொன்ன தொண்டு விசா, அதாவது நான்-இமிகிரன்ட் 'ஓ' விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து 2025 ஜனவரி முதல் இது ஆன்லைனில்தான். பெர்மிட்டை அந்த அமைப்புதான் வேலைவாய்ப்புத் துறையில் எடுத்துத்தரும். பெர்மிட் வந்த பிறகே யானைப் பக்கம் போக வேண்டும். அரசுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? விண்ணப்பத்துக்கு 100 பாட், 3 மாதம் வரையிலான பெர்மிட்டுக்கு 750 பாட். நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம். உங்கள் 85,000-க்கான செலவுப் பட்டியலில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கும் இந்த நடைமுறையின் மேல் எரிச்சல் உண்டு. நான்கு வாரம் வாழைத்தார் சுமக்க வரும் பெண்ணுக்கும் நான்கு வருஷம் வங்கியில் வேலை பார்க்க வருபவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி காகிதக் கட்டு. சின்ன அமைப்புகள் மூச்சு முட்டிப்போய் டூரிஸ்ட்டாகவே வரச்சொல்லிவிடுகின்றன, பெரும்பாலான நாட்கள் யாரும் கேட்பதும் இல்லை. குறுகிய காலத் தொண்டுக்கென்று எளிதாக ஒரு படிவம் வைத்துவிட்டால் பாதி ஏஜென்ட்கள் கடையைச் சாத்திவிடுவார்கள். வைக்க மாட்டேன் என்கிறார்களே!

சரி, அமைப்பு உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தாய்லாந்து மொழி தெரியாவிட்டாலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அங்கே அறக்கட்டளையைக் குறிக்கும் சொல் நமக்குத் தெரிந்த 'மூலநிதி'தான், 'மூன்லநிதி' என்பதுபோல் உச்சரிப்பார்கள். சங்கத்துக்கு 'சமாகொம்', நம் சமாகமம். லாபத்துக்கு நடத்தும் கம்பெனிக்கு 'போரிசத்', அதாவது நம் பரிஷத். பரிஷத் என்றால் நமக்குப் புலவர் கூட்டம் நினைவுக்கு வரும், அங்கே அது கம்பெனி! முகாமின் பதிவுச் சான்றை வாங்கி, தாய்லாந்து மொழி தெரிந்த ஒருவரிடம் தலைப்பை மட்டும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். போரிசத் என்று இருந்தால் உங்கள் மகள் தொண்டு செய்யப் போகவில்லை, ஒரு கம்பெனிக்குக் காசு கொடுத்து வேலை செய்யப் போகிறாள். கம்பெனியின் கடிதத்தை வைத்துத் தொண்டு விசா கேட்கவும் முடியாது.

அந்தச் சான்று வந்தால் இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, மாலை ஆங்கில வகுப்பு யார் பொறுப்பில் நடக்கிறது. யானை முகாமுக்கு வாங்கிய பெர்மிட்டைக் காட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த முடியாது. இரண்டு, வரும் பயணிகளுக்கு முகாமைச் சுற்றிக் காட்டும் வேலையைக் கொடுப்பார்களா. சுற்றுலா வழிகாட்டி வேலை வெளிநாட்டவருக்கு அடியோடு தடைசெய்யப்பட்டது, பெர்மிட் இருந்தாலும் செய்யக் கூடாது. நன்றாக ஆங்கிலம் பேசும் நம் பிள்ளைகளைத்தான் முதலில் இதில் இறக்கிவிடுவார்கள்.

போய் இறங்கியதும் "முகாம் மாறிவிட்டது, வேறு ஊருக்கு வண்டி வந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால் ஏறக்கூடாது என்று மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். தாய்லாந்தில் வேலை என்று சொல்லி மே சாட் எல்லை வழியாக மியான்மரின் மியாவாடிக்குக் கடத்திக்கொண்டு போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கும் கும்பல்கள் இருக்கின்றன. 2025 மார்ச்சில் 500-க்கு மேற்பட்ட இந்தியர்களை மே சாட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள். உங்கள் ஏஜென்ட் அந்த ரகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இமிகிரேஷனில் பொய் சொல்லிப் பழக்கிய ஒருவரை நம்பிப் போன பிள்ளை, நடுவழியில் எதை நம்புவது எதை விடுவது என்று எப்படித் தீர்மானிக்கும்?

இன்னொன்று, சின்ன விஷயம்தான். தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே முதல் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், அரசுத் தளத்தில், இலவசம். ஏஜென்டின் பட்டியலில் 'அரைவல் கார்டு' என்று ஒரு தொகை போட்டிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

மூலநிதியின் சான்று கைக்கு வரும்வரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வராவிட்டால் மகளைச் சுற்றுலாப் பயணியாகவே அனுப்புங்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு நாள் முகாமைச் சுற்றிப் பார்த்து, அவர்கள் கையில் கொடுக்கும் கரும்பை யானைக்கு நீட்டிவிட்டு வரட்டும். அப்போது சுற்றுலா என்று சொன்னால் அது உண்மையாக இருக்கும்.